எந்த உலகில் குடியேறுவது? வட்டாரச் சர்வர்களும் புதிய ஆட்டக்காரரின் முதல் முடிவும்

ஃபைனல் ஃபேண்டஸி 14 விளையாட்டை முதன்முதலாகத் திறப்பவர் தன் பாத்திரத்தை உருவாக்கவே ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார். உயரம், தலைமுடியின் நிறம், குரல், கண்ணோரத் தழும்பு என எல்லாவற்றையும் நிதானமாகத் தேர்ந்தெடுப்பார். அதே விளையாட்டு இன்னொரு கேள்வியும் கேட்கிறது: எந்தத் தரவு மையம், அதற்குள் எந்த உலகம், அதாவது எந்தச் சர்வர்? பலரும் பத்து நொடியில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறார்கள். பட்டியலில் முதலில் இருப்பதையோ பெயர் பிடித்ததையோ தொட்டுவிட்டு நகர்கிறார்கள்.

முடி அலங்காரத்தைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். யாரோடு பழகப்போகிறோம், எந்த மொழியில் பேசப்போகிறோம், இரவு எத்தனை மணிக்குக் கூட்டாளிகள் கிடைப்பார்கள் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்தப் பத்து நொடி முடிவுதான். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உலவும் பாத்திர விளையாட்டில், ஆட்டக்காரர்கள் ‘எம்எம்ஓ’ என்று சுருக்கிச் சொல்லும் வகையில், சர்வர் என்பது ஓர் ஊர். ஊரைத் தேர்ந்தெடுப்பதில் தூரம், கடிகாரம், மொழி என மூன்று அளவுகோல்கள் உண்டு. பெரும்பாலான அறிவுரைகள் தூரத்தோடு நின்றுவிடுகின்றன. கடிகாரமே முதலில் பார்க்கப்பட வேண்டியது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரே உலகம், பல பிரதிகள்

1997இல் அல்டிமா ஆன்லைன் வெளிவந்தபோது ஒரு கணினி எல்லாரையும் தாங்காது என்பது தெளிவாகிவிட்டது. ஆகவே அதே உலகத்தின் பல பிரதிகளை இயக்கினார்கள். இதற்குக் கதையிலேயே ஒரு காரணமும் சொன்னார்கள். தீய மந்திரவாதி மொண்டெயினின் மந்திரக்கல் உடைந்தது, ஒவ்வொரு சில்லிலும் உலகத்தின் ஒரு பிரதி தங்கிவிட்டது என்பது கதை. சில்லு என்று பொருள்படும் ‘ஷார்ட்’ என்ற சொல் அன்றிலிருந்து சர்வருக்கு இன்னொரு பெயராக நிலைத்தது.

பிரதி எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், ஆட்டக்காரர்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அதை வைக்கலாமே என்ற எண்ணம் தானாக எழும். வட்டாரச் சர்வர் பிறந்தது இப்படித்தான். இதற்கு மாறான வழியும் உண்டு. 2003இல் தொடங்கிய ஈவ் ஆன்லைன், உலகெங்கும் உள்ளவர்களை லண்டனில் உள்ள ஒரே சர்வரில் வைத்திருக்கிறது. அந்த விளையாட்டின் கணக்கு நொடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. கால் நொடி தாமதம் அதில் பெரிதாகத் தெரிவதில்லை. அப்படியிருந்தும் சீனாவுக்கு அவர்கள் தனிச் சர்வர் வைக்க வேண்டியிருந்தது. விளையாட்டின் வேகம் அனுமதித்தால் தூரத்தை வெல்லலாம். நாடுகளின் எல்லையை வெல்வது அத்தனை எளிதில்லை.

தூரம்: ஒளிக்கும் ஓர் எல்லை உண்டு

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியுள்ள சர்வருக்குச் செய்தி போய்த் திரும்ப 10 மில்லி வினாடி ஆகும். இதற்குக் கீழே யாராலும் குறைக்க முடியாது. சிட்னியிலிருந்து டோக்கியோ ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர், கலிபோர்னியா சுமார் 12,000 கிலோமீட்டர். போய்வர முறையே 78, 120 மில்லி வினாடிகள் கட்டாயம் வேண்டும். கேபிள்கள் நேர்க்கோட்டில் போவதில்லை, வழியில் பல சந்திப்புகளும் உண்டு. எனவே திரையில் தெரியும் ‘பிங்’ எண் எப்போதும் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இந்த எண் விரல் நுனியில் என்ன செய்கிறது என்பதை ஃபைனல் ஃபேண்டஸி 14இலேயே பார்க்கலாம். அதில் சண்டையின் தாளம் 2.5 வினாடி. ஒரு முதன்மைத் தாக்குதல் கொடுத்தால் அடுத்தது 2.5 வினாடி கழித்துத்தான் வரும். அந்த இடைவெளியில் இரண்டு துணைத் திறன்களைச் செருகிவிடுவது கைதேர்ந்தவரின் வேலை. ஒவ்வொரு செயலுக்கும் பிறகு பாத்திரம் ஏறத்தாழ 0.6 வினாடி பூட்டப்பட்டிருக்கும். சர்வரின் பதில் வந்த பிறகே அந்தக் கணக்கு தொடங்குவதால், பிங் அதனோடு சேர்ந்துகொள்கிறது.

பக்கத்து ஊர்ச் சர்வரில் ஆடுபவருக்குத் தாமதம் 0.05 வினாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாக்குதல், இரண்டு துணைத் திறன்கள் ஆக மூன்று செயல்கள். மூன்று முறை 0.65 என்றால் 1.95 வினாடி. மூச்சுவிட அரை வினாடிக்கும் மேல் மிச்சம். கால் வினாடி தாமதம் உள்ளவருக்கு இதே கணக்கு மூன்று முறை 0.85, அதாவது 2.55 வினாடி. தாளம் 0.05 வினாடி வழுக்குகிறது. ஒருமுறை வழுக்கினால் தெரியாது. பத்து நிமிடப் போரில் இருநூறுக்கும் மேற்பட்ட தாளங்கள் உண்டு. அதே திறமை, அதே உழைப்பு இருந்தும் ஒருவர் பின்தங்கிப் போகிறார்.

தரையில் ஆரஞ்சு நிறத்தில் ஆபத்து வட்டம் விழும்போதும் இதே கதைதான். வட்டத்தை விட்டு விலகிவிட்டதாக நம் திரை காட்டும், சர்வரின் கணக்கிலோ நாம் இன்னும் உள்ளேயே நிற்போம். தொலைவிலிருந்து ஆடுபவர்கள் அரைக் காலடி முன்னதாகவே ஓடப் பழகிக்கொள்கிறார்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தச் சிரமம், பலர் கூடி வலிய எதிரிகளோடு மோதும் உச்சக்கட்ட ரெய்டுகளில்தான் உறுத்தும். முதல் ஐம்பது நிலைகளைக் கடக்கும் புதியவருக்கு 150 மில்லி வினாடி பிங் எந்தத் தடையும் ஆகாது. தொடங்கும்போதே பிங்கை மட்டும் பார்த்து முடிவெடுப்பது, என்றோ ஓடப்போகும் பந்தயத்துக்காக இன்றே வீடு மாற்றுவது போன்றது.

கடிகாரம்: யார் விழித்திருக்கிறார்கள்?

வட்டாரச் சர்வர் என்ற பெயர் எப்போதும் பக்கத்தில் உள்ள கணினியைக் குறிப்பதில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பரில் வெளிவந்தது. ‘ஓஷியானிக்’ என்று பெயரிடப்பட்ட அதன் சர்வர்கள் நெடுங்காலம் அமெரிக்க மண்ணில்தான் இருந்தன. ஆஸ்திரேலிய நேரத்தில் கடிகாரம் ஓடும், ஆஸ்திரேலியர்கள் அங்கே கூடுவார்கள், கணினி மட்டும் பசிபிக் கடலுக்கு அப்பால். 2014 அக்டோபரில்தான் அவை ஆஸ்திரேலியாவுக்கு இடம்பெயர்ந்தன. அத்தனை ஆண்டுகளும் அந்தச் சர்வர்கள் உயிரோடு இருந்தன என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. தாமதத்தைப் பொறுத்துக்கொண்டவர்கள், தாங்கள் விழித்திருக்கும் நேரத்தில் நண்பர்களும் விழித்திருக்கும் இடத்தை விட்டுப் போகவில்லை.

ஃபைனல் ஃபேண்டஸி 14இலும் இதே நடந்தது. ஓஷியானியாவுக்கென்று சர்வர் இல்லாத ஆண்டுகளில், ஜப்பானியத் தரவு மையத்தின் ‘டோன்பெரி’ என்ற உலகத்தில் ஆங்கிலம் பேசும் ஆஸ்திரேலியர்களும் தென்கிழக்கு ஆசியர்களும் தாமாகவே திரண்டார்கள். நிறுவனம் அப்படி அறிவிக்கவில்லை. வாய்மொழியாகவே அது ஓர் ஊராயிற்று.

கடிகாரம் ஏன் இவ்வளவு முக்கியம்? இந்த விளையாட்டில் டன்ஜன் என்னும் எளிய நிலவறைப் போருக்கு நான்கு பேர், பெரிய எதிரியோடு மோத எட்டுப் பேர், கூட்டணி ரெய்டுக்கு 24 பேர் வேண்டும். நான்கு பேர் என்றால் அடி தாங்குபவர் ஒருவர், குணப்படுத்துபவர் ஒருவர், அடிப்பவர் இருவர். சர்வர் எவ்வளவு நெருக்கத்தில் இருந்தாலும், நாம் நுழையும் நேரத்தில் அந்த ஊர் தூங்கிக்கொண்டிருந்தால் வரிசையில் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மொழியும் சட்டமும்

இன்னொரு வகை வட்டாரம் வெளியீட்டாளரால் உருவாவது. ஃபைனல் ஃபேண்டஸி 14க்குச் சீனாவில் 2014இலும் கொரியாவில் 2015இலும் தனிச் சேவைகள் தொடங்கின. கணக்கு வேறு, கட்டண முறை வேறு, புதிய பகுதிகள் வந்து சேரும் காலமும் வேறு. உலகச் சர்வரில் வளர்த்த பாத்திரம் அங்கே செல்லாது. மேப்பிள் ஸ்டோரிக்குச் சிங்கப்பூர், மலேசியாவை மையமாக வைத்து 2005இல் தனிச் சேவை வந்தது. ரக்னராக் ஆன்லைன் நாட்டுக்கு நாடு வேறு வெளியீட்டாளர்களின் கையில் இருந்தது.

இந்த வகைச் சர்வரில் சேருபவர் ஒரு நாட்டின் விதிகளுக்குள்ளும் சேருகிறார். சீனாவில் 2021 செப்டம்பர் முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாம். ஒப்பந்தம் முறிந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே நாடு காட்டியது. வார்கிராஃப்டை உருவாக்கிய பிளிசார்டுக்கும் அதைச் சீனாவில் நடத்திய நெட்ஈஸுக்கும் இடையிலான உரிமம் முடிந்து, 2023 ஜனவரியில் சீனாவின் வார்கிராஃப்ட் சர்வர்கள் அணைந்தன. பதினேழு ஆண்டுகளுக்கு மேல் வளர்த்த பாத்திரங்களை விட்டு மக்கள் வெளியேற நேர்ந்தது. புதிய ஒப்பந்தம் ஏற்பட்டு 2024இல் அவை மீண்டும் திறந்தன. ஒரு வட்டாரச் சர்வரில் சேருமுன் அதை யார் நடத்துகிறார், எத்தனை காலமாக நடத்துகிறார் என்று விசாரிப்பது வீண் அச்சமில்லை.

மொழி இதைவிட மென்மையான எல்லை. ஃபைனல் ஃபேண்டஸி 14இல் ‘தானியங்கி மொழிபெயர்ப்பு’ என்றொரு அகராதி இருக்கிறது. ‘வணக்கம்’, ‘இங்கே கூடுங்கள்’, ‘நன்றி’ போன்ற தயார்ச் சொற்றொடரைத் தேர்ந்து அனுப்பினால், ஜப்பானியர் திரையில் ஜப்பானிய மொழியிலும் பிரெஞ்சுக்காரர் திரையில் பிரெஞ்சிலும் தெரியும். ஒரு சண்டையை முடிக்க இது போதும். நட்பு வளர்வது சண்டைக்குப் பிந்தைய அரட்டையில். அதற்கு நமக்கு வாய்க்கும் மொழி வேண்டும்.

மெட்டீரியா: ஒரு புதிய ஊரின் கதை

மூன்று அளவுகோல்களும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் ஓஷியானியாவுக்கான ‘மெட்டீரியா’ தரவு மையம். அது பிறந்ததே ஒரு நெருக்கடியின் நடுவில். 2021 டிசம்பரில் எண்ட்வாக்கர் விரிவாக்கம் வெளிவந்தபோது உள்ளே நுழைய ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். கணினிச் சில்லுத் தட்டுப்பாட்டால் புதிய சர்வர் வாங்க முடியவில்லை என்று தயாரிப்பாளரும் இயக்குநருமான நவோகி யோஷிடா வெளிப்படையாகச் சொன்னார். விளையாட்டின் விற்பனையையே நிறுத்திவைத்தார்கள். 2022 ஜனவரி 25 அன்று விற்பனை மீண்டும் தொடங்கிய நாளிலேயே மெட்டீரியாவும் திறக்கப்பட்டது.

ஐந்து உலகங்கள்: பிஸ்மார்க், ராவணா, செஃபிரோட், சோஃபியா, சுர்வன். விளையாட்டில் வரும் தெய்வ உருக்களின் பெயர்கள் இவை. பிஸ்மார்க் வானில் நீந்தும் திமிங்கிலம், ராவணா பல கைகளில் வாள் ஏந்திய போர்வீரன். ஆஸ்திரேலியக் கரையில் ராவணன் பெயரில் ஓர் ஊர் இருப்பது தமிழ் வாசகருக்கு மனதில் நிற்கும் செய்தி.

தொடக்கத்தில் கட்டணமின்றி இடம்பெயர அனுமதித்தார்கள். டோன்பெரியிலிருந்தும் அமெரிக்க உலகங்களிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பழைய உலகங்களில் விளையாட்டுக்குள் வீடு கட்டும் மனைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இங்கே தெருத்தெருவாக வெற்று மனைகள் கிடந்தன.

பிறகு 2022 ஜூலையில் தரவு மையங்களுக்கிடையே பயணிக்கும் வசதி வந்தது. ஒரே வட்டாரத்துக்குள் எந்த மையத்துக்கும் போய்வரலாம். ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒன்றுக்கு மேற்பட்ட மையங்கள் இருந்ததால் அங்கெல்லாம் ஊர்கள் ஒன்றோடொன்று கலந்தன. ஓஷியானியாவில் மெட்டீரியா ஒன்றே ஒன்று. அங்கிருந்து போக அண்டை மையம் இல்லை. இந்தத் தனிமையை ஈடுகட்ட, மற்ற வட்டாரத்தினர் மெட்டீரியாவுக்கு விருந்தாளியாக வரலாம் என்று பின்னர் கதவைத் திறந்தார்கள். மெட்டீரியாவாசி வெளியே போக முடியாது, வெளியூர்க்காரர் உள்ளே வரலாம். சிறிய ஊரைக் காக்க எடுத்த நல்ல முடிவு அது.

புதிய சர்வரா, பழைய சர்வரா?

புதிய சர்வரில் எல்லாரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். சந்தையில் பொருளே இருக்காது. செடி பறிப்பவரும் தாது வெட்டுபவரும் கொண்டுவருவதெல்லாம் விலைபோகும். முதல் குழுக்களைத் தொடங்குபவர்கள் ஊரின் மூத்தவர்கள் ஆவார்கள். பழைய சர்வரில் எல்லாம் அமைந்திருக்கும். எந்தக் கருவியும் வாங்கக் கிடைக்கும், வழிகாட்ட ஆளிருக்கும், ஆனால் முக்கிய இடங்களில் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

புதியதன் ஆபத்தை அமேசானின் நியூ வேர்ல்ட் பாடமாகவே காட்டியது. 2021 செப்டம்பர் 28 அன்று வெளியான அந்த விளையாட்டில் ஸ்டீம் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். ஒரு சர்வர் சுமார் 2,000 பேரைத்தான் தாங்கும். வரிசை நீண்டது. அவசரமாகப் புதிய சர்வர்களைத் திறந்தார்கள். கூட்டம் வடிந்தபின் அவற்றில் பல வெறிச்சோடின. சில மாதங்களிலேயே ஒன்றோடொன்று இணைக்க வேண்டியதாயிற்று. தன் குழுவின் கோட்டை, தன் ஊரின் கொடி என்று உழைத்தவர்களுக்கு இணைப்பு நாள் ஓர் இழப்பு. திறப்பு வாரத்தின் கூட்டத்தைப் பார்த்து ஊரை எடைபோடக் கூடாது, மூன்றாம் மாதத்தின் கூட்டமே உண்மையான கூட்டம்.

சிறிய சர்வரின் குறையை விளையாட்டே ஓரளவு தீர்த்துவைக்கலாம். ஃபைனல் ஃபேண்டஸி 14இல் 2022 ஏப்ரல் முதல் படிப்படியாக, முதன்மைக் கதையின் நால்வர் டன்ஜன்களைக் கணினித் துணைவர்களோடு தனியாகவே முடிக்கும் வசதி வந்திருக்கிறது. ஆனாலும் ஐம்பதாம் நிலையில் ஒரு வாசல் உண்டு. ‘கிரிஸ்டல் டவர்’ என்ற 24 பேர் ரெய்டு தொடரை முடிக்காமல் முதன்மைக் கதை மேலே நகராது. கணினித் துணைவர்கள் அங்கே வரமாட்டார்கள். சிறிய சர்வரில், ஊர் தூங்கும் வேளையில் அந்த வாசலில் நிற்பவருக்குத்தான் கடிகாரத்தின் அருமை புரியும்.

சென்னையிலிருந்து ஒரு கணக்கு

இந்தியாவில் இந்த விளையாட்டுக்குத் தரவு மையம் இல்லை. எனவே தமிழ்நாட்டு ஆட்டக்காரருக்கு எதுவுமே பக்கத்து ஊர் இல்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள்கள் உண்டு. 2002இல் வந்த ஐ2ஐ, 2004இல் வந்த டாடாவின் கேபிள் இரண்டும் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளம். அங்கிருந்து டோக்கியோ இன்னும் 5,300, சிட்னி 6,300 கிலோமீட்டர். ஆக ஜப்பானுக்குக் குறைந்தது 85, ஆஸ்திரேலியாவுக்கு 95 மில்லி வினாடி. மேற்கே ஐரோப்பாவின் பிராங்க்பர்ட் நேர்க்கோட்டில் 7,600 கிலோமீட்டர், அதாவது 76 மில்லி வினாடி. நடைமுறையில் மூன்றுமே இதைவிடக் கூடும். தூரத்தால் மட்டும் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் விடை உடனே கிடைக்கிறது. வேலை முடிந்து, சாப்பிட்டு, இரவு 9 மணிக்கு ஒருவர் சென்னையில் கணினி முன் உட்காருகிறார். அப்போது டோக்கியோவில் நள்ளிரவு 12:30. சிட்னியில் குளிர்காலமானால் 1:30, கோடையானால் 2:30. பிராங்க்பர்ட்டில் குளிர்காலமானால் மாலை 4:30, கோடையானால் 5:30. ஆசியாவும் ஓஷியானியாவும் படுக்கைக்குப் போகும் வேளையில் ஐரோப்பா வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. இரவில் ஆடும் சென்னைக்காரருக்கு ஐரோப்பாவே பொருந்தும். பகலிலோ முன்மாலையிலோ ஆடும் மாணவருக்கு ஜப்பான் பொருந்தும்.

சிங்கப்பூர்த் தமிழருக்குக் கணக்கு வேறு. அவருடைய 9 மணி டோக்கியோவின் 10 மணி, சிட்னியின் 11 அல்லது 12. தூரமும் குறைவு. அவர் ஜப்பானையோ மெட்டீரியாவையோ மொழி வசதி பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம். சிட்னி, மெல்பர்ன் தமிழருக்கு மெட்டீரியா, டொராண்டோ தமிழருக்கு வட அமெரிக்கா, லண்டன், பாரிஸ் தமிழருக்கு ஐரோப்பா.

ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் இந்த ஊர்களிலெல்லாம் சிதறியிருப்பது நம்மில் சாதாரணம். டொராண்டோ மச்சானும் மெல்பர்ன் மச்சானும் அவரவர் வட்டாரத்தில் தொடங்கினாலும், ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக ஆட மெட்டீரியாவில் சந்திக்கலாம். மெல்பர்ன்காரர் ஏற்கெனவே அங்கே இருப்பார், டொராண்டோக்காரர் விருந்தாளியாகப் போவார். உறவுக்காக ஒருவர் தன் ஊரை இழக்க வேண்டியதில்லை.

தொடங்குபவர் செய்ய வேண்டியவை

முதலில் பணம் கட்ட வேண்டாம். ஃபைனல் ஃபேண்டஸி 14இன் இலவசப் பதிப்பு 2023 அக்டோபரிலிருந்து எழுபதாம் நிலை வரை, இரண்டு விரிவாக்கங்களோடு, கால வரம்பில்லாமல் கிடைக்கிறது. சந்தையில் வாங்க விற்க முடியாது, நிரந்தரக் குழுவில் சேர முடியாது, காசு 3 லட்சம் கில்லுக்கு மேல் சேராது. ஊரைச் சோதித்துப் பார்க்க இது தாராளம். முழுப் பதிப்புக்கு மாறிய கணக்கு மீண்டும் இலவசத்துக்குத் திரும்பாது என்பதால் அவசரப்படாமல் சோதிக்க வேண்டும்.

இரண்டு வட்டாரங்களில் தலா ஒரு பாத்திரம் உருவாக்குங்கள். நீங்கள் வழக்கமாக ஆடப்போகும் நேரத்தில் மட்டும் நுழையுங்கள். கிரிடானியா, லிம்சா லொமின்சா, உல்டா ஆகிய மூன்று தொடக்க நகரங்களில் ஒன்றில் இறங்குவீர்கள். பெயருக்குப் பக்கத்தில் சிறிய தளிர் அடையாளம் இருக்கும், புதியவர் என்பதற்கான குறி அது. நகரின் மையப் படிகக்கல்லருகே ஐந்து நிமிடம் நில்லுங்கள். எத்தனை பேர் கடந்துபோகிறார்கள், அரட்டை எந்த மொழியில் ஓடுகிறது, தளிரைப் பார்த்து யாராவது வணக்கம் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். பதினைந்தாம் நிலையில் சஸ்தாஷா என்ற முதல் டன்ஜன் வரும். அதில் கணினித் துணைவர்களை விட்டுவிட்டு மனிதர்களோடு போக வரிசையில் நின்று, எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடக் கணக்கு எந்த பிங் எண்ணைவிடவும் அதிகம் சொல்லும்.

சிறிய சர்வர் பிடித்துவிட்டதா? அடி தாங்குபவராகவோ குணப்படுத்துபவராகவோ தொடங்குங்கள். அவர்களுக்குத்தான் எப்போதும் தட்டுப்பாடு, வரிசையும் குறுகியது. விளையாட்டு ‘விருப்ப உலகம்’ என்று குறித்திருக்கும் உலகங்களில் புதிய பாத்திரத்துக்கு அனுபவப் புள்ளி இரட்டிப்பாகக் கிடைக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த விளையாட்டின் அன்றாடப் பணிகள் உலகளாவிய நேரப்படி 15:00க்குப் புதுப்பிக்கப்படுகின்றன. சென்னையில் அப்போது இரவு 8:30, மெட்டீரியாவில் குளிர்காலத்தில் அதிகாலை ஒரு மணி. அந்த நேரத்தில் ஒரு மெட்டீரியாப் பாத்திரத்திலும் ஓர் ஐரோப்பியப் பாத்திரத்திலும் மாறி மாறி நுழைந்து பாருங்கள். ஒன்றில் சந்தைத் தெரு காலியாக இருக்கும். இன்னொன்றில் மாலைக் கூட்டம் சேரத் தொடங்கியிருக்கும். எந்தத் தெருவில் உங்களுக்கு யாராவது பதில் சொல்கிறார்களோ, அங்கேயே குடியேறுங்கள்.